நியண்டர்தால் மனிதர் நின்று பிடித்த உலகத்தில் மட்டக்களப்பு எப்படி இருக்கும்?

வாவிக்கரையான் (களுவாஞ்சிக்குடி):

எல்லோருக்கும் வணக்கம். விஞ்ஞானக் கதை ஒன்று தொடங்கி நடுவழியில் நிற்கிறேன், யாராவது தள்ளிவிட்டால் நல்லது. கதை இதுதான். ஒரு மீன்பிடிகாரர், வயது ஐம்பதுக்கு மேலே, இரவில் தனியாக வாவியில் தோணி வலிக்கிறார். கல்லடிப் பாலத்துக்குக் கீழால் போய் மறுபக்கம் வந்து திரும்பிப் பார்த்தால் பாலத்தைக் காணோம், ஊர் வெளிச்சம் ஒன்றையும் காணோம். விடிந்த பிறகுதான் விளங்குகிறது, இது வேறு உலகம், இங்கே நம்மட இனமே இல்லை, நம்மட உலகத்தில் நாற்பதாயிரம் ஆண்டுக்கு முன் அழிந்துபோன வேறொரு மனித இனம், நியண்டர்தால் மனிதர்தான் கடைசிவரை நின்று பிடித்தவர்கள்.

இவ்வளவும் ஓகே. மறுகா வருகிற பகுதிதான் சண்டை. அந்த உலகத்திலும் ஒரு சந்தை, ஒரு கோயில், வயல், பஸ் எல்லாம் வைத்து, ஆள்களுக்கு மட்டும் புருவ எலும்பை முன்னால் தள்ளி, நாடியை உள்ளே இழுத்து, உடம்பை அகலமாக்கி எழுதியிருக்கிறேன். வாசித்த கூட்டாளி ஒருத்தன் "இது நம்மட ஊர்தான் மச்சான், சனத்துக்கு முகமூடி போட்டிருக்கிறாய்" என்கிறான். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூளையின் அளவு நம்மளவு இருந்த ஒரு இனம், நாற்பதாயிரம் ஆண்டு கூடுதலாகக் கிடைத்திருந்தால் ஏன் சந்தை வைக்காது, ஏன் பஸ் ஓட்டாது?

அறிந்தவர்கள் சொல்லுங்கள். அவர்கள் இந்தப் பக்கம் வந்திருக்கலாமா? பேசியிருப்பார்களா? எந்த ஒன்றை மாற்றினால் நாம் போய் அவர்கள் மிஞ்சுவார்கள்? ஒரு பெரிய யுத்தம் வைக்கலாம் என்று யோசிக்கிறேன்.

பயோ டீச்சர் (கல்முனை):

தம்பி, நான் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிற ஆள், கதை எழுத வராது, ஆனால் கேட்டதற்குப் பதில் சொல்லலாம்.

இவர்களின் எலும்பு அடையாளம் காணப்பட்டது 1856இல், ஜேர்மனியில் டுசல்டோர்ப் நகரத்துக்குக் கிட்ட, சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளத்தாக்கில். அதற்குப் பிறகு ஸ்பெயின் தொடக்கம் ஈராக், உஸ்பெகிஸ்தான், சைபீரியாவின் அல்தாய் மலை வரைக்கும் எடுத்துவிட்டார்கள். இந்தியாவிலோ இலங்கையிலோ ஒரு துண்டும் கிடைக்கவில்லை. ஆனால் உங்களுக்கு ஒரு வாசல் திறந்துதான் கிடக்கிறது. சென்னைக்குக் கிட்ட அத்திரம்பாக்கத்தில் ஏறக்குறைய 385,000 ஆண்டு பழைய கல்லாயுதங்கள் எடுத்தார்கள், செய்தது யாரென்று சொல்ல அங்கே எலும்பு இல்லை. எந்த இன மனிதரும் அந்த வெற்றிடத்தில் இருந்திருக்கலாம். பனிக்காலத்தில் கடல் நூறு மீற்றருக்கு மேல் இறங்கியபோது இலங்கையும் இந்தியாவும் ஒரே தரையாகக் கிடந்தன, ஆகவே வருவதற்குத் தோணிகூடத் தேவையில்லை.

பேச்சைப் பற்றி: இஸ்ரேலில் கெபாரா குகையில் 1983இல் எடுத்த எலும்புக்கூட்டில் நாக்குக்கு அடியில் இருக்கிற சின்ன எலும்பு அப்படியே இருந்தது, அதன் வடிவம் கிட்டத்தட்ட நம்முடையதுதான். பேச்சோடு தொடர்புள்ளது என்று சொல்லப்படும் ஃபொக்ஸ்பீ2 என்ற மரபணுவின் புரதமும் இரண்டு இனத்துக்கும் ஒன்றே. ஊமைகளாக எழுதாதீர்கள், உறுமுகிறவர்களாகவும் எழுதாதீர்கள். இது என் வேண்டுகோள்.

யுத்தத்தை விடுங்கள், அதைவிட நல்ல இடம் ஒன்று சரித்திரத்திலேயே இருக்கிறது. இஸ்ரேலில் ஸ்கூல், கவ்ஸே என்று இரண்டு குகைகள். அங்கே 90,000 தொடக்கம் 120,000 ஆண்டுகளுக்கு முன் நம்மட இனம் வாழ்ந்திருக்கிறது, செத்தவர்களைப் புதைத்திருக்கிறது. அதற்குப் பிறகு, 60,000 ஆண்டுக்கு முன், அதே வட்டாரத்தில் கிடைப்பது நியண்டர்தால் எலும்புகள். அதாவது ஆப்பிரிக்காவை விட்டு வெளியே கால் வைத்த நம்மட ஆள்கள் அந்த இடத்தில் தொடரவில்லை, அவர்கள்தான் மிஞ்சினார்கள். இரண்டாவது தடவை போனபோதுதான் கதை மாறியது. உங்கட உலகத்தில் அந்த இரண்டாவது தடவை வரவேயில்லை என்று வையுங்கள். சத்தம், இரத்தம் ஒன்றும் வேண்டாம், ஒரு கூட்டம் புறப்படவில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்று, கதைக்கு உதவுமோ தெரியாது. கொரோனா கடுமையாக வரும் ஆபத்தைக் கூட்டுகிற மரபணுத் துண்டு ஒன்று மூன்றாவது நிறமூர்த்தத்தில் இருக்கிறது, அது நியண்டர்தாலிடமிருந்து வந்தது என்று 2020இல் ஹியூகோ செபெர்க்கும் ஸ்வாந்தே பேபோவும் காட்டினார்கள். ஐரோப்பியரில் 16 வீதம் பேரிடம் இருக்கிறது, தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம். பேபோவுக்கு 2022இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆகவே உங்கட மீன்பிடிகாரர் அங்கே போய் முழுக்க அந்நியரைப் பார்க்கப் போவதில்லை, அவருடைய உடம்பிலேயே அவர்கள் கொஞ்சம் இருக்கிறார்கள்.

மண்முனையான்:

டீச்சர் சொன்னது எல்லாம் சரி, ஆனால் கூட்டாளி சொன்ன குறை அப்படியே இருக்கிறது. நான் அவன் பக்கம்.

நியண்டர்தால் ஆள்கள் ஏன் போனார்கள் என்று கேட்டால் பலரும் முதலில் சொல்வது, அவர்கள் மிகக் குறைவு என்பதைத்தான். ஐரோப்பாவும் ஆசியாவில் பாதியும் பரந்து கிடந்தும், மரபணுவை வைத்துக் கணக்குப் பார்க்கிறவர்கள் பிள்ளை பெற்றுச் சந்ததி விட்டவர்களை ஆயிரக் கணக்கில்தான் சொல்கிறார்கள். சைபீரியாவில் சகிர்ஸ்காயா குகையில் ஒரு தகப்பனும் அவருடைய மகளும் உட்பட ஒரே கூட்டத்து ஆள்களின் மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். பத்து, இருபது பேர் கொண்ட கூட்டம், நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே கலியாணம், வெளியிலிருந்து வந்து சேர்வது பெரும்பாலும் பெண்கள். இதுதான் அவர்களுடைய ஊர். இந்த அளவுச் சனத்தை வைத்துக்கொண்டு சந்தை எப்படி வைப்பது? யாருக்கு விற்பது?

இப்போது உங்கட வாவியைப் பாருங்கள். சனம் அவ்வளவு குறைவு என்றால் வயல் இல்லை. வயல் இல்லை என்றால் உன்னிச்சைக் குளம் இல்லை, இங்கினியாகலை இல்லை, கல்லோயாவை யாரும் மறிக்கவில்லை, அது தன் போக்கில் கடலுக்குப் போகிறது. தென்னந்தோப்பு இல்லை. தென்னையை நட்டு வளர்த்தது மனிசன். நம்மட கரை முழுக்கக் கண்டல், கிண்ணை, உள்ளே போனால் பாலை, வீரை. யானை கடற்கரை வரைக்கும் வரும், மறிக்க ஆளில்லை. முதலையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதைவிடப் பெரிய விசயம் ஒன்று. இரத்தினபுரியில் மாணிக்கக்கல் தோண்டுகிற குழிகளில் நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் மூன்றின் புதைபடிமமும் கிடைத்திருக்கிறது, புதைபடிமம் ஆராய்ந்த தெரணியகல எழுதியிருக்கிறார். இலங்கையில் ஒரு காலம் நீர்யானை இருந்திருக்கிறது ஐயா! உங்கட உலகத்தில் அதை அழியவிடாமல் வைத்திருக்க எழுத்தாளருக்கு உரிமை உண்டு. தோணிக்கு அருகில் தண்ணீருக்குள்ளிருந்து ஒன்று மூச்சு விடட்டும், ஆள் எருமை என்று நினைக்கட்டும், மறுகா வாயைத் திறக்கட்டும். பஸ்ஸை விட்டுவிட்டு இதை எழுதுங்கள்.

ஆரையம்பதிச் சிங்கம்:

நீர்யானைக்கு என் வாக்கு. ஆனால் மீன்பிடிகாரர் உயிரோடு திரும்பி வர வேண்டும், பொம்புளை பிள்ளைகள் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும்.

பயோ டீச்சர் (கல்முனை):

மண்முனையான் தம்பி, எண்ணிக்கை சரி, முடிவு அவசரம். நம்மட இனம் தோன்றி மூன்று லட்சம் ஆண்டு என்று வைத்தால், அதில் வயல் செய்த காலம் கடைசிப் பதினோராயிரம் ஆண்டுக்குள்தான் அடங்கும். அதுவரைக்கும் நாமும் சின்னக் கூட்டமாக அலைந்தவர்கள்தான். பனிக்காலம் முடிந்து காலநிலை ஒரு நிதானத்துக்கு வந்த பிறகு மேற்காசியா, சீனா, நியூகினி, மெக்சிக்கோ, அந்தீஸ் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இடங்களில் சனம் தானாகவே பயிர் செய்யத் தொடங்கியது. அந்த நிதானமான காலநிலையை நியண்டர்தால் ஆள்கள் காணவேயில்லை, அதற்கு முன்னமே போய்விட்டார்கள். கண்டிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆகவே வாவிக்கரையானின் சந்தையை ஒரேயடியாக இடிக்காதீர்கள். நெல் வேண்டாம், வேறு ஏதாவது கிழங்கு வைக்கலாம். பல்லில் படிந்த காறையை எடுத்துப் பார்த்து அவர்கள் அவித்த தாவரங்களும் சாப்பிட்டார்கள் என்று கண்டிருக்கிறார்கள், இறைச்சி மட்டும் தின்ற சனம் இல்லை.

உகந்தைப் பாதை (திருக்கோவில்):

ஜேர்மனிக்கும் சைபீரியாவுக்கும் ஏன் போகிறீர்கள் என்று கேட்கத்தான் வந்தேன். அம்பாறை மாவட்டத்திலேயே ஒரு இன்னொரு மனித இனத்துக் கதை கிடக்கிறது, ஒருத்தரும் வாயே திறக்கவில்லை.

நிட்டேவோ கேள்விப்பட்டவர்கள் இருக்கிறீர்களா? ஹியூ நெவில் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1886இல் எழுதி வைத்தது. பாணமைக்கு அங்கால் லேனாமைக் காடு, அங்கே மூன்று நாலு அடி உயரத்தில், உடம்பு முழுக்க மயிரோடு, நீண்ட நகங்களோடு ஒரு சனம் இருந்ததாம். கையில் ஆயுதம் இல்லை. அணில், முயல், ஆமை என்று பிடித்துத் தின்னும். பேச்சு பறவை கீச்சிடுகிற மாதிரி. இலங்கையின் பழங்குடிச் சனமான வேடர் காயப்போட்ட இறைச்சியைக் களவெடுத்ததால் பகை வந்து, கடைசியில் மிஞ்சியவர்களை ஒரு குகைக்குள் விரட்டி, வாசலில் விறகைக் குவித்து மூன்று நாள் நெருப்பு வைத்து முடித்தார்கள் என்று கதை. 1914இல் பிரெட்ரிக் லூயிஸ் என்பவரும் அந்தப் பக்கத்தில் விசாரித்து இதே மாதிரிக் கதை எழுதியிருக்கிறார். 1963இல் ஒரு இராணுவ அதிகாரி ஆள்களோடு போய்த் தேடினார். நிச்சயமாக இதுதான் என்று சொல்ல ஒரு எலும்பும் இன்றுவரை வரவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போனவர்களுக்கு இந்த இடம் விளங்கும். உகந்தை முருகனைக் கும்பிட்டுக் காட்டுக்குள் இறங்கி, குமுனைப் பக்கத்தால் போய்க் கும்புக்கன் ஆற்றைக் கடக்கிறோமே, அந்த வட்டாரம்தான். ஆற்றங்கரையில் மருத மரங்களுக்குக் கீழே படுத்திருக்கும்போது மேலே ஏதாவது அசைந்தால் எல்லோரும் குரங்கு என்று சொல்லி மறுபக்கம் திரும்பிப் படுப்பார்கள். நான் மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இது வெறும் பாட்டி கதை என்று சொல்கிறவர்களுக்கு: 2003இல் இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் லியாங் புவா குகையில் என்ன எடுத்தார்கள்? ஒரு மீற்றர் சொச்சம் உயரம், மூளை நம்முடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு, ஆனால் கல்லாயுதம் செய்த மனித இனம். 50,000 ஆண்டுக்கு முன்வரை இருந்திருக்கிறது. 2019இல் பிலிப்பைன்சில் லூசோன் தீவிலும் இன்னொரு இனம் அறிவித்தார்கள். தீவில் சின்ன மனிதர் என்பது நடக்காத காரியம் இல்லை. நம்முடையதும் தீவு. உங்கட மீன்பிடிகாரரைத் தெற்கே கொஞ்சம் தள்ளிப் பொத்துவில்காரனாக்கி, நிட்டேவோ மிஞ்சிய உலகத்துக்கு அனுப்புங்கள். குளிர் தேசத்து ஆளை வாவிக்கரைக்குக் கொண்டுவந்து வேர்க்க வைக்கிற வேலை மிச்சம்.

வாகரைக் காற்று:

உகந்தைப் பாதை அண்ணன், கதை நல்ல கதைதான், அதை நானும் சின்ன வயதில் வேறு மாதிரிக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஒரு விசயம் சொல்லாமல் போக ஏலாது.

நான் வாகரைப் பக்கம். நம்மட பக்கத்தில் இன்றைக்கும் தங்களை வேடர் என்று சொல்லிக்கொள்கிற சனம் இருக்கிறது, பேசுவது தமிழ், தேன் எடுப்பார்கள், கடலுக்கும் களப்புக்கும் போவார்கள், சடங்கு வைப்பார்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். நெவில் நிட்டேவோவை நேரில் பார்த்து எழுதவில்லை, ஒருத்தர் சொல்ல ஒருத்தர் கேட்டு வந்ததை எழுதினார். அதில் கொலைகாரர் யார்? வேடர். எழுதியவர் யார்? வேடரையே பாதி மனிதராகப் பார்த்த காலத்து வெள்ளைக்காரர். அதே ஆண்டுகளில்தான் சராசின் என்று இரண்டு சுவிஸ்காரர், உறவுக்காரர்கள், இலங்கைக்கு வந்து வேடரின் மண்டையோட்டை எல்லாம் அளந்து, மனிதப் படிக்கட்டில் இவர்களை எந்தப் படியில் வைக்கலாம் என்று பெரிய புத்தகம் போட்டார்கள். அந்த அளவுகோலைக் கொண்டுபோய்ப் பிடித்தது எலும்பாகிப்போன இனத்தின் மேல் இல்லை, உயிரோடு இருந்த நம்மட அயலவர் மேல்.

ஆகவே இந்தக் கிழக்கில் "வேறொரு மனித இனம்" என்று எழுதுகிறவர் கொஞ்சம் பார்த்து எழுத வேண்டும். தட்டை மூக்கு, முன்தள்ளிய புருவம், மயிர் என்று முகத்தை அடுக்கிக்கொண்டே போனால் வாசிக்கிறவனுக்குப் பக்கத்து ஊர்க்காரனின் முகம்தான் வரும். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. முகத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு, அந்த மனிசி கையால் என்ன செய்கிறாள் என்று எழுதுங்கள். கையைப் பார்த்தால் ஆள் விளங்கும்.

உகந்தைப் பாதை (திருக்கோவில்):

ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நெருப்பு வைத்த கதையை எடுத்துவிட்டால் அதில் மிச்சம் என்ன? அந்தக் குகைக்குள் இருந்தவர்களுடைய பக்கத்தால் யாராவது ஒருநாள் எழுதத்தான் வேண்டும்.

வாகரைக் காற்று:

எழுதுங்கள் அண்ணன், நான் முதல் ஆளாக வாசிக்கிறேன். வாவிக்கரையானின் கதைக்குள் அதைத் திணிக்க வேண்டாம், அவ்வளவுதான்.

அக்கரைப்பற்றான் (தோஹாவிலிருந்து):

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வேலை முடிந்து ரூமுக்கு வந்து இதை முழுக்க வாசித்தேன். கை என்று வாகரைக் காக்கா சொன்னதும் எனக்கு இரண்டு மூன்று விசயம் ஞாபகம் வந்தது, வாப்பா வலை பொத்துகிற ஆள் என்றபடியால் இதெல்லாம் எனக்குப் பிடித்துப்போனவை.

2020இல் பிரான்சில் அப்ரி டு மராஸ் என்ற இடத்தில் ஒரு கல்லலகில் ஒட்டியிருந்த சின்னஞ்சிறு நூல் துண்டைப் பற்றி எழுதினார்கள். நாற்பது ஐம்பதாயிரம் ஆண்டு பழையது, நியண்டர்தால் ஆள்கள் இருந்த படை. மரப்பட்டை நாரில் மூன்று இழை, ஒவ்வொரு இழையும் ஒரு பக்கம் முறுக்கி, மூன்றையும் சேர்த்து மறுபக்கம் முறுக்கியது. கயிறு திரித்தவர்களுக்கு இது விளங்கும், இரண்டு முறுக்கும் ஒரே பக்கம் போனால் கயிறு நிற்காது, பிரிந்துவிடும். அதைத் தெரிந்து செய்த கை அது. நூல் இருந்தால் பை இருக்கும், வலையும் இருந்திருக்கலாம், என்ன, அது மண்ணில் உக்கிப்போயிருக்கும்.

அடுத்தது பல். அவர்களுடைய முன்பற்கள் கடுமையாகத் தேய்ந்திருக்கும், அதில் சாய்வான கீறல்களும் இருக்கும். தோலையோ இறைச்சியையோ பல்லால் கவ்வி, ஒரு கையால் இழுத்துப் பிடித்து, மறு கையில் கல்லலகை வைத்து வெட்டியிருக்கிறார்கள், அலகு சறுக்கியபோது பல்லில் பட்ட கீறல். அந்தக் கீறல் சாய்ந்திருக்கிற பக்கத்தை வைத்துப் பெரும்பாலானோர் வலக்கைக்காரர் என்று சொல்கிறார்கள். வாப்பாவும் நூலைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் முடிச்சுப் போடுவார், உம்மா ஏசுவா.

மூன்றாவது தண்ணீர். அவர்களில் கணிசமானோரின் காது ஓட்டையில் எலும்பு வளர்ந்திருந்தது என்று 2019இல் எழுதினார்கள், குளிர்ந்த தண்ணீரிலும் காற்றிலும் அடிக்கடி கிடக்கிறவர்களுக்கு வருவது அது. ஜிப்ரால்டர் குகைகளில் மட்டி, சிப்பி, கடல்நாய் எல்லாம் தின்ற அடையாளம் இருக்கிறது. ஆகவே பனியில் யானை வேட்டை ஆடுகிற ஆள் மட்டும் இல்லை தம்பி, வாவிக்கரையில் மட்டி கிண்டுகிற ஆளாகவும் வைக்கலாம்.

வாவிக்கரையான் (களுவாஞ்சிக்குடி):

எல்லோருக்கும் நன்றி. சந்தை போகட்டும், பஸ்ஸும் போகட்டும். டீச்சர் பக்கத்தையும் விடவில்லை, கிழங்கு நட்ட சின்னத் தோட்டம் ஒன்று பின்னால் வரும். கோயில் வேண்டாம், ஆனால் செத்தவரைப் புதைத்த இடம் ஒன்று வைக்கிறேன். நேற்று இரவு முதல் சந்திப்பை மாற்றி எழுதினேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"கரையில் இருந்தவள் எழும்பவில்லை. மட்டியைக் கல்லில் தட்டித் திறந்து, சதையை எடுத்து, ஓட்டைப் பின்னால் எறிந்துகொண்டிருந்தாள். பின்னால் ஓடுகள் ஆள் உயரத்துக்குக் குவிந்திருந்தன. தோணி மணலில் தட்டியதும் தலையைத் தூக்கினாள், அவரைப் பார்க்கவில்லை, வலையைப் பார்த்தாள். கிட்ட வந்தாள். ஒரு கண்ணியை விரலில் கோத்துத் தூக்கிப் பிடித்தாள். நூலின் நுனியை முன்பற்களால் கவ்வி, இடக்கையால் இழுத்து, வலக்கைப் பெருவிரலால் முறுக்கைப் பிரித்துப் பார்த்தாள். எத்தனை புரி என்று எண்ணுகிறாள் என்பது அவருக்கு விளங்கியது. மறுகா இடுப்பில் கட்டியிருந்த தன்னுடைய நூலை அவிழ்த்து அவர் கையில் வைத்தாள். மூன்று புரி. அவர் அதைப் பிரித்தார், திரும்ப முறுக்கினார், அவள் செய்த பக்கத்துக்கே முறுக்கினார். அவள் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் போட்டாள், அது சிரிப்பு."

அந்த இரவே வாவிக்குள்ளிருந்து மீன் பாடுகிறது என்று நம்மட ஆள்கள் சொல்கிற சத்தமும் வருகிறது. தோணிக்கோலைத் தண்ணீருக்குள் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பதை அவர் அவளுக்குக் காட்டுகிறார். அவள் ஏற்கெனவே அப்படிக் கேட்கிறவள்தான் என்று வைத்தால் எப்படி?

பயோ டீச்சர் (கல்முனை):

நல்லது தம்பி. காதில் எலும்பு வளர்ந்தவர்களுக்குக் கேட்பது குறைவாக இருக்கலாம், அவள் கோலைக் காதில் வைக்காமல் பல்லில் கடித்துக் கேட்கட்டும். எலும்பு வழியாகவும் சத்தம் போகும். பல்லும் ஏற்கெனவே கதைக்குள் வந்துவிட்டது.

மண்முனையான்:

நீர்யானை எங்கே?

வாகரைக் காற்று:

பந்தி பிடித்தது. கையில் தொடங்கியது சந்தோசம். இரண்டு திருத்தம் மட்டும்.

இப்போது வாவியில் போடுவது பெரும்பாலும் தங்கூசி வலை, அது ஒற்றை இழை, முறுக்கே கிடையாது. அவள் பிரித்துப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை. தோணி கட்டுகிற நைலோன் கயிற்றைக் கொடுங்கள், அது மூன்று புரி, சரியாக வரும். தங்கூசியை அவள் வெளிச்சத்துக்குப் பிடித்து, எங்கே தொடங்குகிறது, எப்படித் திரித்தார்கள் என்று தெரியாமல் முழிக்கட்டும், அது வேறொரு நல்ல இடம்.

இரண்டாவது, எந்த மாதம் என்று நீங்கள் சொல்லவில்லை. மாரி என்றால் நம்மட உலகத்தில் தண்ணீர் ஏறும்போது முகத்துவாரத்து மணலை வெட்டி வாவியைக் கடலுக்குத் திறந்து விடுகிறோம். அங்கே வெட்ட ஆளில்லை. தானாக உடைக்கும்வரைக்கும் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், படுவான்கரை உள்ளே தூரத்துக்கு மூழ்கும். அவருக்குத் தெரிந்த கரை ஒன்றும் அந்த இடத்தில் இருக்காது, மட்டி கிண்டுகிற ஆழமும் இருக்காது. சந்திப்பை ஆடி, ஆவணிக்கு மாற்றுங்கள், தண்ணீர் வற்றி முனைக்காடு, மகிழடித்தீவுப் பக்கம் சேறு வெளியே தெரிகிற காலம். நீர்யானையும் அப்போது சேற்றில் கிடக்கும், மண்முனையானுக்கும் திருப்தி.